நூறில் ஒரு மில்லிமீட்டர்

2004 வரை சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தண்டவாளத்தின் உள்பக்கத்திலிருந்து மறு தண்டவாளத்தின் உள்பக்கம் வரை 1,000 மில்லிமீட்டர். 1931-ல் அந்தப் பாதைக்கு மின்சாரம் வந்த நாள்முதல் தென்புறநகரின் பள்ளிக்கூடம், ஆபீஸ், கல்யாணம், காரியம் எல்லாம் அந்த ஒரு மீட்டர் அகலத்தின் மேல்தான் போய்வந்தன. ஒரு மீட்டர் எவ்வளவு என்பதை அந்தப் பகுதி மக்கள் தினமும் கண்ணால் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கி, அதில் ஒரு கூறைப் பார்க்கத்தான் கல்லூரி ஆய்வகம் வரை போக வேண்டியிருந்தது.

அப்படிப் போனவர்களில் ஒருவரின் நினைவுகள் இவை. 1980களின் நடுவில் தினமும் பல்லாவரத்தில் ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி, அங்கே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர். படிப்பு முடிந்ததும் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்தார். வேலைக்காலம் முழுவதும் உதிரிபாகங்களை அளப்பதிலேயே போயிற்று. இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறார். மேசை இழுப்பறையில் இன்றும் ஒரு திருகு அளவியும் ஒரு வெர்னியரும் எண்ணெய் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பேச்சு அளவைப் பக்கம் திரும்பிவிட்டால் காபி ஆறிப்போவது அவருக்குத் தெரியாது.

அவருடைய கல்லூரியில் முதல் பிராக்டிக்கல் வகுப்பில் சோதனை எதுவும் நடக்கவில்லை. ஆய்வக உதவியாளர் கண்ணாடி அலமாரியைத் திறந்து, ஆளுக்கொரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பெட்டி மேல் அம்பாலா என்று ஊர்ப் பெயர் அச்சிட்டிருந்தது. நம் நாட்டுப் பள்ளி, கல்லூரிகளின் அறிவியல் கருவிகளில் பெரும்பங்கு ஹரியானாவின் அந்த ஊரிலிருந்துதான் இன்றும் வருகிறது. பெட்டிக்குள் திருகு அளவி. அதன் வளைவில் வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் எண்.

“யாரும் எதையும் அளக்க வேணாம்ப்பா. வெறுமனே மூடிப் பாருங்க. மூடினதும் என்ன தெரியுதோ அதை எழுதுங்க” என்றார் பேராசிரியர்.

மூடினால் சுழி காட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று எல்லாரும் நினைத்தார்கள். காட்டவில்லை. ஒருவருடைய கருவியில் திருகின் தலையைச் சுற்றியுள்ள தலைக்கோலின் சுழி, ஆதாரக் கோட்டுக்கு மூன்று பிரிவு கீழே நின்றது. பக்கத்தில் இருந்தவருடையதில் ஐந்து பிரிவு மேலே ஏறிப்போயிருந்தது. ஒன்றிரண்டு கருவிகள் மட்டும் கோட்டோடு நேராக நின்றன. கீழே நின்றால் நேர் பிழை, அதை அளவிலிருந்து கழிக்க வேண்டும். மேலே நின்றால் எதிர் பிழை, அதைக் கூட்ட வேண்டும். எந்த எண் கருவிக்கு எவ்வளவு பிழை என்று பேராசிரியர் கரும்பலகையில் ஒரு பட்டியலே போட்டார். வகுப்பு முடியும்போது மாணவர்கள் ஒரு பொருளைக்கூட அளந்திருக்கவில்லை. ஆனால் கையில் இருக்கும் கருவி எவ்வளவு தவறாகச் சொல்லும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. அளவியல் என்ற துறையின் முதல் பாடம் இதுதான். பல பாடநூல்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. ஒரு முழு வகுப்பை இதற்கென்றே ஒதுக்கிய அந்தப் பேராசிரியரை அவர் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

திருகு அளவி வேலை செய்யும் விதம் எளிது. திருகின் தலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அதன் முனை ஒரு மில்லிமீட்டர் நகரும். தலையின் விளிம்பு நூறு பிரிவாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு பிரிவு நகர்ந்தால் முனை நகர்வது நூறில் ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாத முன்னேற்றத்தை, விரலுக்குத் தெரியும் சுழற்சியாக மாற்றித் தருகிறது அந்தத் திருகு. பாரிஸைச் சேர்ந்த ழான் லோரான் பால்மர் 1848-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெர்னியர் அதைவிட இரண்டு நூற்றாண்டு மூத்தது. பியர் வெர்னியர் 1631-ல் பிரஸ்ஸல்ஸில் வெளியிட்ட நூலில் அந்த உத்தியை விளக்கினார். ஒன்பது பிரிவு நீளத்தைப் பத்தாகப் பிரித்த ஒரு சின்னச் சட்டத்தை அளவுகோலின் மேல் நகரவிட்டால், எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று பார்த்தே பத்தில் ஒரு மில்லிமீட்டரைச் சொல்லிவிடலாம். லென்ஸும் வேண்டாம், திருகும் வேண்டாம். நானூறு ஆண்டாக உலகம் மாற்றத் தேவையில்லாமல் வைத்திருக்கும் உத்திகளில் ஒன்று இது.

திருகு அளவியின் பின்முனையில் ஒரு ராட்செட் இருக்கும். அளக்கும் பொருளைத் தொட்டதும் ‘டிக் டிக்’ என்று வழுக்கிச் சுற்றும். அதை விட்டுவிட்டுத் தலையைப் பிடித்து இறுக்கினால் மெல்லிய செம்புக் கம்பி நசுங்கும், கருவி அளவைக் குறைத்துக் காட்டும். கை பலம் உள்ளவனுக்கு ஒரு விட்டம், இல்லாதவனுக்கு ஒரு விட்டம் என்று ஆகிவிடும். கம்பியை ஒரே இடத்தில் அளந்தால் போதாது. ஒரு இடத்தில் அளந்ததும் கம்பியைக் கால்சுற்றுத் திருப்பி அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் கம்பி முழு வட்டமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதையெல்லாம் யாரும் எழுதிப்போடவில்லை. ஆய்வக உதவியாளர், வயதில் மூத்தவர், மேசை மேசையாக நடந்துவந்து, “இறுக்காதே தம்பி, அது தானா சொல்லும்” என்று சொல்லிச் சொல்லியே பழக்கினார்.

இரண்டாம் ஆண்டில் வந்தது வளைவுச் சோதனை. மீட்டர் ஸ்கேலின் இரு முனைகளையும் கத்தி விளிம்புகள் மேல் வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. ஸ்கேலின் நடுவில் மெழுகு வைத்து ஒரு குண்டூசி நிறுத்தப்பட்டிருக்கும். அதன் முனையை நகரும் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். நுண்ணோக்கியின் குறுக்குக் கம்பி ஊசிமுனையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி திருகிச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஐம்பது கிராம் கூட்டினால் ஊசி இறங்கும். மறுபடி திருகு, மறுபடி படி. எடைகளை ஏற்றிக்கொண்டே போய் ஒரு வரிசை, இறக்கிக்கொண்டே வந்து ஒரு வரிசை.

படிப்பதுதான் கடினம். அந்த நுண்ணோக்கியின் முதன்மைக்கோலில் ஒரு பிரிவு அரை மில்லிமீட்டர். வெர்னியரில் ஐம்பது கோடுகள், அவை முதன்மைக்கோலின் நாற்பத்தொன்பது பிரிவுகளுக்குள் அடங்கும். மீச்சிற்றளவு, அதாவது அதில் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர். ஐம்பது கோடுகளில் எது சேர்ந்திருக்கிறது என்று கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் முப்பத்தொன்பதும் சேர்ந்தமாதிரி இருக்கும், நாற்பதும் சேர்ந்தமாதிரி இருக்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் நாற்பத்தொன்று சேர்ந்துவிடும். கண்ணைக் கோட்டுக்கு நேர் எதிரே வைக்காவிட்டால் வரும் இடமாறு தோற்றப் பிழை இது. கூடப் படிப்பவனைக் கூப்பிட்டு, “டேய், நீ பாருடா, எனக்கு முப்பத்தொம்போதுன்னு தெரியுது” என்று கேட்டு, இருவரும் ஒத்துக்கொண்ட எண்ணைத்தான் அப்சர்வேஷன் நோட்டில் எழுதுவார்கள்.

இதில் சலித்துப்போய்ச் சிலர் குறுக்குவழி தேடுவதும் உண்டு. ஒருநாள் ஒரு மாணவர், அழகான கையெழுத்தில் ஒரு பட்டியலைக் கொண்டுபோய் நீட்டினார். ஒவ்வொரு ஐம்பது கிராமுக்கும் ஊசி இறங்கியது ஒரே அளவு, கடைசி இலக்கம் வரை. பேராசிரியர் மேலிருந்து கீழ்வரை ஒருமுறைதான் பார்த்தார். “இயற்கை இவ்வளவு ஒழுங்கா நடந்துக்காது தம்பி. போய் எடுத்துட்டு வா” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் திட்டவில்லை, மதிப்பெண்ணையும் குறைக்கவில்லை. அந்த மாணவர் அன்று மாலை எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்து எடுத்தார். உண்மையான அளவுகள் கடைசி இலக்கத்தில் மேலும் கீழும் சிதறித்தான் வரும். அந்தச் சிதறல்தான் ஒருவர் அளந்தார் என்பதற்குச் சாட்சி. வழவழப்பான பட்டியலைப் பார்த்தால், இந்த நினைவுகளைச் சொல்பவருக்கு இன்றும் சந்தேகம் வருகிறது. பிற்பாடு சப்ளையர்கள் கொண்டுவந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் அந்தச் சந்தேகம் சரியாகவே இருந்தது.

அதே சோதனையில் இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்கேலின் அகலத்தை வெர்னியரால் அளப்பார்கள், தடிமனைத் திருகு அளவியால். இரண்டுமே நீளம்தான், ஏன் இந்தப் பாரபட்சம்? இந்தச் சோதனையில் காண வேண்டியது, ஸ்கேலின் பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் யங் குணகம். அதைக் கணக்கிடும் சூத்திரத்தில் அகலம் ஒருமுறை வருகிறது, தடிமனோ மும்மடியாக வருகிறது. ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்கேலில் 0.05 மில்லிமீட்டர் சுழிப்பிழையைக் கவனிக்காமல் விட்டால் தடிமனில் தவறு நூற்றுக்கு ஒன்று, விடையில் நூற்றுக்கு மூன்று. நுண்குழாய் வழியே தண்ணீர் ஒழுகும் பாய்சுவே சோதனையில் குழாயின் ஆரம் நான்குமடியாக வருகிறது. அங்கே நூற்றுக்கு ஒன்று தவறினால் விடையில் நான்கு. பெரிய நீளங்களில் செய்யும் தவறைச் சூத்திரம் பொறுத்துக்கொள்ளும், சின்ன நீளங்களில் செய்யும் தவறைப் பெருக்கிக் காட்டிவிடும். எந்த அளவுக்கு எந்தக் கருவி என்று முடிவு செய்வது சூத்திரத்தின் அடுக்குகளைப் பார்த்துத்தான். அகலத்தையும் திருகு அளவியால் அளந்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் மறக்காமல் வைத்திருப்பது இருட்டறையில் நடந்த சோதனையைத்தான்.

சோடியம் விளக்கைப் போட்டதும் மஞ்சள் வராது. முதலில் சிவப்பாக மினுங்கும். உள்ளே இருக்கும் சோடியம் சூடாகி ஆவியாகச் சில நிமிடம் பிடிக்கும். பிறகுதான் அறை முழுக்க அந்த மஞ்சள் பரவும், பக்கத்தில் இருப்பவன் சட்டையின் நிறம்கூடத் தெரியாது. அந்த ஒளியின் அலைநீளம் சராசரியாக 5,893 ஆங்ஸ்ட்ராம். இரண்டு தட்டையான கண்ணாடித் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரு முனையை ரப்பர் பேண்டால் கட்டி, மறுமுனையில் இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுடியைச் செருகுவார்கள். தகடுகளுக்கு இடையே ஆப்பு வடிவில் மெல்லிய காற்று அடுக்கு உண்டாகும். மேலே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி வைத்து ஒளியைக் கீழே திருப்பி, நுண்ணோக்கி வழியே பார்த்தால் மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், ஒரே இடைவெளியில், பார்வை முடியும் வரை.

முடி யாருடையது என்பதில் போட்டி. இவருடைய தலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கினார்கள்.

கோடுகளை ஐந்தைந்தாக எண்ணி நுண்ணோக்கியை நகர்த்த வேண்டும். ஒரே திசையில்தான் திருக வேண்டும். தாண்டிப் போய்விட்டோமென்று பின்னால் திருகினால் திருகின் தளர்ச்சி அளவைக் கெடுத்துவிடும். அப்படி ஆனால் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. எண்ணி முடித்துக் கணக்குப் போட்டார்கள். இருபது கோடுகளுக்கு நான்கு மில்லிமீட்டர், அதாவது ஒரு கோட்டுக்கு 0.2 மில்லிமீட்டர். கட்டிய முனையிலிருந்து முடி இருந்த இடம் வரை 40 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்குள் 200 கோடுகள். ஒரு கறுப்புக் கோட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது காற்றின் தடிமன் அரை அலைநீளம் கூடுகிறது. அரை அலைநீளம் என்பது ஏறக்குறைய 0.000295 மில்லிமீட்டர். 200-ஆல் பெருக்கினால் 0.059 மில்லிமீட்டர். முடியின் தடிமன் அதுதான்.

“அதே முடியை எடு. அலமாரியிலேருந்து திருகு அளவி கொண்டா” என்றார் பேராசிரியர். சுழிப்பிழையைக் கழித்துப் பார்த்தால் 0.06.

ஒன்று ஒளியின் அலையை எண்ணிச் சொன்ன விடை. இன்னொன்று இரும்புத் திருகு பிடித்துப் பார்த்துச் சொன்ன விடை. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, ஆனாலும் இரண்டும் ஒரே முடியைப் பற்றித்தான் பேசின. அன்றுதான் இயற்பியல் நிஜம் என்று நம்பினேன் என்கிறார் அவர். அதுவரை அது தேர்வுக்குப் படிக்கும் பாடமாக இருந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் இப்போதும் கொஞ்சம் உயர்கிறது.

உலகம் மீட்டரையே இப்படித்தான் வரையறுத்தது. 1960-ல், கிரிப்டான்-86 அணு வெளிவிடும் ஓர் ஆரஞ்சு ஒளியின் 16,50,763.73 அலைநீளங்கள் சேர்ந்ததுதான் ஒரு மீட்டர் என்று முடிவு செய்தார்கள். 1983-ல் அதையும் மாற்றி, ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் கடக்கும் தூரம் என்று ஆக்கினார்கள். 2015 செப்டம்பரில் ஈர்ப்பலையை முதன்முதலாகப் பிடித்த அமெரிக்காவின் லைகோ கருவியும், இரண்டு ஒளிக்கதிர்கள் சேரும்போது உண்டாகும் குறுக்கீட்டைப் பார்த்துத்தான் புரோட்டானின் விட்டத்தைவிடச் சிறிய அசைவைக் கண்டுகொண்டது. தாம்பரத்து இருட்டறையில் இருந்த அதே அடிப்படைதான். அந்த வகைக் கருவி ஒன்று மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமைய 2023-ல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது.

சாதாரணக் கல்லூரி ஆய்வகம் என்று எதையும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி.வி. ராமன், வழக்கமான நிறமாலைமானியில் வேலை செய்துகொண்டிருந்தபோது பாடத்தில் இல்லாத ஒளிப்பட்டைகளைக் கவனித்தார். தள்ளிவிட்டுப் போகாமல் அளந்தார், எழுதினார். 1906-ல் லண்டனின் ‘பிலாசபிகல் மேகசின்’ இதழில் அது அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

கிண்டிக்கு வேலைக்குப் போனபோது கருவி மாறியது. கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கப்பட்டது. சின்னச் சின்ன ஷெட்டுகளில் லேத்துகளும் கிரைண்டிங் மெஷின்களும் ஓடும். அங்கே திருகு அளவி என்றால் யாருக்கும் புரியாது. மைக்ரோமீட்டர்தான். கல்லூரிக் கருவியில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர், இதில் அரை மில்லிமீட்டர், தலையில் ஐம்பது பிரிவு. அந்த அரைக் கோடு வெளியே தெரிந்துவிட்டதா இல்லையா என்று பார்க்கத் தவறினால் ஒரேயடியாக அரை மில்லிமீட்டர் பிசகும். புதிதாக வரும் பட்டதாரிகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அது. பத்து மைக்ரான் இருபது மைக்ரான் என்று பேசும் ஷெட்டில் அரை மில்லிமீட்டர் என்பது மன்னிக்க முடியாத தூரம்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் ஒரு டர்னர். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். லேத்திலிருந்து இறக்கிய உருளையை இவர் உடனே மைக்ரோமீட்டரில் பிடிக்கப் போனால், “இருங்க சார், சூடு ஆறட்டும். இப்ப அளந்தா பொய் சொல்லும்” என்று கையைத் தடுப்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0115 மில்லிமீட்டர் நீளும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் விட்டம் 0.017 மில்லிமீட்டர் பெருத்திருக்கும். டிராயிங்கில் அனுமதித்த வித்தியாசமே 0.02 என்றால், கிட்டத்தட்ட அத்தனையையும் சூடு தின்றுவிடுகிறது. சூட்டில் சரியாக இருந்த உருளை ஆறியதும் சிறுத்து ரிஜெக்ட் ஆகும். உலகம் முழுக்க இயந்திர அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸை ஆதார வெப்பநிலையாக வைத்திருப்பது இதனால்தான். மே மாதத்துச் சென்னையில் தகரக்கூரை ஷெட்டுக்குள் 20 டிகிரிக்கு எங்கே போவது? வேலைப்பொருளையும் மைக்ரோமீட்டரையும் ஒரே இரும்பு மேசை மேல் ஒரு மணி நேரம் போட்டுவைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளப்பார்கள். இரண்டும் எஃகு, இரண்டும் சேர்ந்தே நீளும். ஏ.சி. அறை இல்லாத ஊர் கண்டுபிடித்த வழி, இயற்பியலுக்கும் பொருந்தும் வழி.

அந்த ஷெட்டிலிருந்து பார்த்தால் பரங்கிமலை தெரியும். அதன் அடிவாரத்தில் இதே சூட்டோடு மல்லுக்கட்டிய ஒருவரைப் பற்றி இவர் பிறகுதான் படித்தார். வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10-ல், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னால் இமயமலை வரை போய், எவரெஸ்டின் உயரத்தைச் சொன்ன இந்திய முக்கோண நில அளவையின் தொடக்கக் கோடு அது. ஏறக்குறைய ஏழரை மைல். கருவி, லண்டனில் ராம்ஸ்டன் என்ற கருவி வல்லுநர் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளத்தில் நாற்பது கண்ணிகள். சங்கிலியைத் தரையில் போடாமல், முக்காலிகள் மேல் மரத்தொட்டிகளை வைத்து அதற்குள் கிடத்தினார்கள். திருகுகளைக் கொண்டு மட்டம் பார்த்து, தொட்டிகளில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறை சங்கிலியை இழுத்துப் பிடிக்கும்போதும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள்.

ஏன் அவ்வளவு பாடு? நூறடி எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.35 மில்லிமீட்டர் நீளும். காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் மூன்றரை மில்லிமீட்டர். சங்கிலியை நானூறு முறை போட வேண்டும். மூன்றரை மில்லிமீட்டர் அப்போது கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். அடிக்கோட்டில் அப்படிப் பிசகினால், அதன் மேல் கட்டும் முக்கோணங்கள் எல்லாம் அதே விகிதத்தில் பிசகும். சித்திரை வெயிலில் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து வாரக்கணக்கில் அளந்து, சுமார் 40,006 அடி என்று கணக்கை முடித்தார்கள். இன்று மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று அடுக்குமாடிகள் எழும்பிக்கிடக்கும் அந்தப் பகுதியில், ஒரு நாட்டின் வரைபடமே மில்லிமீட்டர்களைக் காப்பாற்றித்தான் தொடங்கியது. 

இந்த வட்டாரம் அளவோடு தொடர்ந்து உறவு வைத்திருக்கிறது. 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை (எம்.ஐ.டி.) நிறுவியபோது விமானம், வாகனம், மின்னணு ஆகியவற்றோடு கருவியியலையும் தனிப்படிப்பாக வைத்தார். கருவி செய்யவும் அளக்கவும் தெரிந்த ஆட்கள் இல்லாமல் தொழில் வளராது என்ற தெளிவு அப்போதே இருந்தது. பின்னாளில் வண்டலூர், மறைமலைநகர்ப் பக்கம் வந்த வாகனத் தொழிற்சாலைகளுக்கும் அவற்றுக்குப் பாகம் செய்யும் நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்கும் அந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். தாம்பரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக் எஞ்சினை போர் செய்யக் கொடுக்கும்போதுகூட 0.25 ஓவர்சைஸா 0.50 ஓவர்சைஸா என்றுதான் பேசுகிறார். கால் மில்லிமீட்டர் அவருக்கு அன்றாடப் புழக்கம்.

இப்போது பக்கத்து வீட்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி, மாலையில் கணக்குக் கேட்க இவரிடம் வருகிறாள். ஒருநாள் 2018 நீட் தேர்வின் கேள்வி ஒன்றைக் கொண்டுவந்தாள். திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.001 செ.மீ., முதன்மை அளவு 5 மி.மீ., தலைக்கோலில் 25, சுழிப்பிழை –0.004 செ.மீ. எஃகுக் குண்டின் விட்டம் என்ன? 0.529 செ.மீ. என்று நொடியில் போட்டுவிட்டாள். சரியான விடை.

“கருவியைப் பாத்திருக்கியாம்மா?”

“வீடியோல பாத்தேன் தாத்தா.”

இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவள் மூடிப் பார்த்தாள். சுழி கோட்டில் நிற்கவில்லை. “உடைஞ்சுபோச்சா?” என்று பயந்து கேட்டாள். எதிர் பிழை என்று காகிதத்தில் நொடியில் கணக்குப் போட்ட பிள்ளைக்கு, அது கையில் எப்படி இருக்கும் என்று யாரும் காட்டியிருக்கவில்லை. பிறகு வெர்னியரைக் கொடுத்து, 2011-க்குப் பின் வந்த ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் கொடுத்தார். பக்கம் மாற்றி மாற்றி அளந்து 21.9 மில்லிமீட்டர் என்றாள். அந்த நாணயத்துக்கு அரசு குறித்திருக்கும் விட்டம் 21.93. தான் அளந்தது சரி என்று தெரிந்ததும் அவள் வீட்டில் இருந்த நாணயங்களை எல்லாம் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

டிஜிட்டல் காலிப்பர் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டிஜிட்டல் கருவி நல்ல கருவி, அவரும் பல ஆண்டு பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் சுழி வந்துவிடுகிறது. தாடைகளுக்கு நடுவே இரும்புத் துகள் சிக்கியிருந்தாலும் சுழிதான் காட்டும். திரையில் இரண்டு தசமம் தெரிந்தாலும், சாதாரணமாகக் கிடைக்கும் காலிப்பரின் துல்லியம் 0.02 மில்லிமீட்டர் கூடுதல் குறைவுக்குள்தான். கோடுகளைப் பார்த்துப் படித்துப் பழகியவருக்கு இந்தச் சந்தேகங்கள் தாமாக வரும், திரையிலேயே தொடங்கியவருக்கு வராது. பழகும் வயதில் கோடுகள்தான் வேண்டும் என்று அவர் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரியென்றே படுகிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் குறையில்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறைப் பட்டியலில் முதல் சோதனையே வெர்னியரால் திண்மக் கோளத்தின் விட்டத்தை அளந்து நிலைமத் திருப்புத்திறன் காண்பது. அடுத்தது ஊசியும் நுண்ணோக்கியும் வைத்துச் செய்யும் அதே வளைவுச் சோதனை. பட்டியலில் இருப்பது வகுப்பில் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்காகச் செய்முறை வகுப்புகளை விழுங்கிவிட்டு, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதவைக்கும் பள்ளிகள் பல இருக்கின்றன. ஒரு திருகு அளவியின் விலை சில நூறு ரூபாய்தான். இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று வாங்கிவைக்க எந்தப் பள்ளியாலும் முடியும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு இதையும் கேளுங்கள்: இந்த ஆண்டு என் பிள்ளை கருவியைக் கையில் பிடித்து எதையாவது அளந்தாளா? இல்லை என்று பதில் வந்தால், எப்போது என்று கேட்டு ஒரு தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.